பழைய விளையாட்டுப் பெட்டிக்குப் புதிய திரை

கொல்கத்தா மாநகரின் கிழக்கே எழுந்துள்ள நியூ டவுன் இளமையான நகரம். அகன்ற சாலைகளும், சுற்றுச்சூழல் பூங்காவும், சாலைச் சந்திப்பின் மேல் வளையமிட்டு நிற்கும் பிஸ்வ பங்களா வாயிலும் அதன் அடையாளங்கள். அருகிலேயே சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரின் மென்பொருள் அலுவலகங்கள் உள்ளன. பணியின் பொருட்டு இங்கு வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவற்றுள் சில நமது கிளையின் வாடிக்கையாளர்கள்.

வரிசை எண்ணைப் பெற்றுக்கொண்டு காத்திருப்போரை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒரு காலத்தில் அவர்கள் கையில் செய்தித்தாள் இருக்கும். இன்று கைப்பேசி இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இளைஞர்கள் மட்டும் அல்லர். ஓய்வு பெற்றவர்களும் வண்ண மிட்டாய்களை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

துர்கா பூஜைக்கு முந்தைய வாரம் ஒரு தமிழ் அம்மையார் தம் மகனுடன் கிளைக்கு வந்திருந்தார். மகன் பொறியியல் கல்லூரி மாணவர். அவர் கையில் இருந்தது கைப்பேசி அன்று. உள்ளங்கையில் அடங்கும் ஊதா நிறப் பெட்டி ஒன்று. சாளரத்தின் பக்கம் திரும்பி, வெயில் படும்படி அதன் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி அது?" என்று கேட்டோம். "அப்பாவுடைய கேம் பாய் சார். வெளிச்சம் இல்லாமல் இதில் ஒன்றும் தெரியாது" என்றார்.

அந்தப் பெட்டியின் கதையை, அக்குடும்பத்தின் இசைவுடன், பெயர் குறிப்பிடாமல் இங்கே பகிர்ந்துகொள்கிறோம். விளையாட்டைப் பற்றிய கதையாகத் தொடங்கினாலும், அது வங்கி வாடிக்கையாளர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஓர் இடத்தில் போய் முடிகிறது.

ஷா வாலஸ் முதல் பர்மா பஜார் வரை

இன்று நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு 'வீடியோ கேம்' என்றதும் தொலைக்காட்சியுடன் இணைக்கும் பெட்டியே நினைவுக்கு வரும். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவான பெட்டிகள் 1990களில் நம் கடைத்தெருக்களில் நிறைந்திருந்தன. அவற்றில் செருகும் அட்டைப்பெட்டியை நாம் 'கேசட்' என்றே அழைத்தோம். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று மேலட்டை முழங்கும். உள்ளே பார்த்தால் பத்துப் பதினைந்தே திரும்பத் திரும்ப வரும்.

முறையான கருவிகளும் வராமல் இல்லை. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஷா வாலஸ் நிறுவனம், 1995ஆம் ஆண்டில் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இறக்குமதி வரி 80 விழுக்காடாக இருந்த காலம் அது. ஒரு கருவியின் விலை 18,000 ரூபாய். அன்று அது பல குடும்பங்களுக்குச் சில மாத வருமானம். எனவே நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு விளையாட்டுக் கருவி என்பது சென்னையில் பர்மா பஜார் வழியாகவும், கொல்கத்தாவில் கிதிர்பூர் ஃபேன்ஸி மார்க்கெட் வழியாகவும், அல்லது சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டி வழியாகவுமே வந்து சேர்ந்தது.

நாம் கண்ட ஊதாப் பெட்டியும் அவ்வாறு வந்ததுதான். மாணவரின் தந்தை 2000ஆம் ஆண்டில் அலுவலகப் பணிக்காகச் சிங்கப்பூரில் தங்கியிருந்தபோது அதை வாங்கியிருக்கிறார். அவருக்குத் திருமணம் பேசி முடித்திருந்த ஆண்டு அது.

பழகிய தொழில்நுட்பம், புதிய பயன்

கேம் பாய் கருவியை நின்டெண்டோ 1989ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். புத்தம் புதிய, விலையுயர்ந்த தொழில்நுட்பத்தைத் தேடி ஓடாமல், நன்கு பழகி மலிந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவதே அவருடைய கொள்கை. போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரையும் பின்னொளியும் கொண்ட கருவிகளைக் கொண்டுவந்தன. அவை மின்கலங்களை விரைவில் தீர்த்துவிட்டன. கேம் பாய் திரையிலோ நான்கே நிறச்சாயல்கள், அகலத்தில் 160, உயரத்தில் 144 புள்ளிகள், பின்னொளி இல்லை. ஆனால் நான்கு சிறிய மின்கலங்களில் பல மணி நேரம் ஓடியது, விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. 1998இல் கேம் பாய் கலர் வந்தது. இவ்விரு தலைமுறைக் கருவிகளும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடியே 80 லட்சத்திற்கும் மேல் விற்றன.

சிக்கனத்தை நாள்தோறும் பேசும் நம்மைப் போன்றோருக்கு இந்த வரலாறு உவப்பானதே. ஆனால் அன்று சேமித்த பின்னொளிதான் இன்று நமது மாணவரின் சிக்கல். விளக்கடியில் பிடித்தால் கண்கூசும்; நிழலில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. அம்மையாருக்கோ கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. திரையில் ஓர் எழுத்தும் அவருக்குப் புலப்படவில்லை.

"அம்மா பார்க்க வேண்டியது ஒன்று இதில் இருக்கிறது சார்" என்றார் மாணவர்.

கேசட்டுக்குள் ஒரு மின்கலம்

பெட்டியில் செருகியிருந்தது 'போக்கிமான்' வரிசையின் சிவப்புப் பதிப்பு. விளையாடுபவர் விந்தை உயிரினங்களைத் தேடிப் பிடித்து, பழக்கி, ஊர் ஊராகச் சென்று போட்டியிடும் நெடிய கதை அது. விளையாட்டின் தொடக்கத்திலேயே ஓர் உயிரினம் துணையாகக் கிடைக்கும். அதற்கு நாம் விரும்பிய பெயரைப் பத்து எழுத்துகளுக்குள் சூட்டலாம். தந்தை சூட்டியிருந்த பெயர், தாம் மணக்கவிருந்த பெண்ணின் வீட்டுச் செல்லப் பெயர். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், அதுவும் ஓர் எழுத்துப் பிழையுடன்.

தந்தை மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அலமாரியைத் துப்புரவு செய்யும்போது மகன் அதைக் கண்டுபிடித்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

இங்கேதான் ஒரு நுட்பத்தை அறிய வேண்டும். அக்காலக் கேசட்டுகளில் இரண்டு வகை நினைவகங்கள் உண்டு. விளையாட்டு பதிந்திருக்கும் நினைவகம் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாது. ஆனால் விளையாடியவர் எங்கே நிறுத்தினார், என்ன பெயர் வைத்தார் என்பன போன்ற குறிப்புகள் வேறொரு நினைவகத்தில் இருக்கும். அதற்கு இடைவிடாத சிறு மின்னோட்டம் வேண்டும். கேசட்டின் உள்ளே பற்றவைத்துப் பொருத்தப்பட்ட நாணய வடிவ மின்கலம் ஒன்று அந்த மின்னோட்டத்தை அளித்துக்கொண்டே இருக்கிறது. அது தீர்ந்த நாளில் குறிப்புகள் அனைத்தும் மறைந்துவிடும். பின்னால் வந்த தங்கம், வெள்ளிப் பதிப்புகளில் ஒரு கடிகாரத்தையும் அதே மின்கலம் இயக்கியதால், அவை முன்னதாகவே தீர்ந்துபோயின. சிவப்புப் பதிப்பில் கடிகாரம் இல்லாமையால் இருபத்தைந்து ஆண்டுகளாக அது தாக்குப்பிடித்திருந்தது. இன்னும் எத்தனை நாள் என்பதை எவராலும் கூற இயலாது.

சாந்தினி சௌக்கில் ஒரு பிற்பகல்

கொல்கத்தாவில் மின்னணுப் பொருள்களின் உதிரிப் பாகம் எது வேண்டுமானாலும் முதலில் நாட வேண்டிய இடம் சாந்தினி சௌக் சந்தை. வானொலிக் குமிழ் முதல் மடிக்கணினித் திரை வரை அங்கே தேடி எடுக்கலாம். நியூ டவுனிலிருந்து ஐந்தாம் செக்டாருக்கு வந்து மெட்ரோவில் எஸ்பிளனேடு சென்றால், அடுத்த நிலையமே சாந்தினி சௌக்.

மாணவர் முதலில் சென்ற கடையில், மின்கலத்தை அப்போதே மாற்றித் தருவதாகக் கூறிக் கடைக்காரர் பற்றவைப்புக் கோலைச் சூடேற்றத் தொடங்கிவிட்டார். செலவும் மிகக் குறைவு. பக்கத்துக் கடையில் பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலை நிமிர்ந்து, உள்ளே பத்திரப்படுத்த வேண்டியது ஏதேனும் உண்டா என்று வங்காளத்தில் வினவினார். உண்டு என்று மாணவர் சொன்னதும், அப்படியானால் முதலில் நகல் எடுத்து வா, பிறகு கை வைக்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். பழைய மின்கலத்தை எடுத்துப் புதியதை வைப்பதற்கு இடைப்பட்ட சில நொடிகள் போதும், எல்லாம் அழிந்திருக்கும்.

கேசட்டைக் கணினியுடன் இணைத்துக் குறிப்புகளைக் கோப்பாகப் படியெடுக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. கல்லூரித் தோழர் ஒருவரிடம் அது இருந்தது. முதலில் படியெடுத்தார்கள்; அதை மூன்று இடங்களில் சேமித்தார்கள்; அதன் பிறகே மின்கலத்தை மாற்றி, குறிப்புகளை மீண்டும் கேசட்டில் எழுதினார்கள். அடுத்து, பழைய திரையைக் கழற்றிவிட்டுப் பின்னொளியுடைய புதிய திரையைப் பொருத்தினார் மாணவர். மேலோட்டையும் மாற்றலாம் என்று தோழர் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். விசைகளைச் சுற்றித் தந்தையின் விரல் பட்டுத் தேய்ந்திருந்த தடங்கள் அப்படியே இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

மாற்றியமைக்கும் கலை

இதற்கு 'மாடிங்' என்று பெயர். உலகெங்கும் இளைஞர்கள் பலர் இதை ஈடுபாட்டுடன் செய்கின்றனர். பழைய கையடக்கக் கருவிகளுக்குப் புதிய திரை, புதிய ஒலிபெருக்கி, மறுமின்னேற்றம் செய்யத்தக்க மின்கலம் ஆகியவற்றைப் பொருத்துகின்றனர். இன்றைய கருவிகளில், விரல் வைக்காமலேயே திசைக்கோல் தானாக நகரும் கோளாறு பரவலானது. உராய்வால் தேயும் உணரிகளுக்கு மாற்றாகக் காந்தப்புலத்தால் இயங்கும் உணரிகளைப் பொருத்தினால் அக்கோளாறு பெரிதும் நீங்குகிறது. வால்வ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஸ்டீம் டெக் கருவியில் சேமிப்பகத்தைப் பயனரே மாற்றிக்கொள்ள முடியும். உதிரிப் பாகங்களும் தனியே விற்பனைக்குக் கிடைக்கின்றன.

இதில் ஈடுபடுவோர் மனத்தில் கொள்ள வேண்டியவை சில உள்ளன. கருவியைத் திறந்தால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் பாதிக்கப்படலாம். ஆகவே உத்தரவாதக் காலம் முடியும் வரை பொறுத்திருப்பது நன்று. உப்பிய லித்தியம் மின்கலத்தை அழுத்துவதும் துளைப்பதும் தீவிபத்துக்கு வழி வகுக்கும். அதைக் குப்பையில் எறியாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை எறிந்துவிடாமல் ஓர் உறையில் இட்டுப் பெயர் எழுதி வைப்பது, பின்னொரு நாள் பழைய நிலைக்குத் திரும்ப உதவும்.

சட்டத்தின் எல்லையும் ஒன்று உண்டு. திரையையும் மின்கலத்தையும் மாற்றுவது வேறு. திருட்டுப் படிகளை இயக்குவதற்காகக் கருவியின் பாதுகாப்புப் பூட்டை உடைப்பது வேறு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமை மீறும் நோக்குடன் அவ்வாறு பூட்டு உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது.

இன்று விளையாடப்படுபவை

கைப்பேசியே இந்தியர்களின் முதன்மை விளையாட்டுக் கருவி. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்ட பின், 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா வந்தது. 2022இல் அதுவும் நிறுத்தப்பட்டு, 2023இல் மீண்டும் திரும்பியது. நியூ டவுன் அடுக்ககங்களின் கீழ்த்தளங்களில் மாலைவேளையில் நால்வர் நால்வராக அமர்ந்து பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் இவ்வகை விளையாட்டையே.

போரும் துப்பாக்கியும் இல்லாத விளையாட்டுகளும் நிறைய உள்ளன. டொரான்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா' அவற்றுள் நமக்கு நெருக்கமானது. 1980களில் கனடாவில் குடியேறும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. தாயின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, விடுபட்ட சொற்களை ஊகித்து, இட்லி முதலான உணவுகளைச் சமைப்பதே விளையாட்டு. இட்லித் தட்டுகளை எந்த முறையில் அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். 2024ஆம் ஆண்டில் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதை அது பெற்றது. தமிழ் பேச மறந்துபோகும் மகனுக்கும் தாய்க்கும் இடையிலான இடைவெளி அதன் மையம். தமிழகத்தை விட்டு வந்து பிள்ளை வளர்க்கும் எவரும் அதை விளையாடினால் சற்றே நின்று யோசிப்பார்கள்.

கொல்கத்தாவிலிருந்தும் குறிப்பிடத்தக்க ஒன்று வந்தது. கலைஞர் லீனா கேஜ்ரிவால் பெண் கடத்தலுக்கு எதிராக நடத்திவரும் இயக்கத்தின் சார்பில் 2016இல் 'மிஸ்ஸிங்' என்னும் கைப்பேசி விளையாட்டு வெளியானது. கடத்தப்பட்ட பெண்ணின் நிலையில் தன்னை வைத்து ஆடுபவர், தப்பிக்கும் ஒவ்வொரு முடிவும் எவ்வளவு கடினமானது என்பதை உணர்கிறார். பெற்றோர் தம் பதின்வயதுப் பிள்ளைகளுடன் அமர்ந்து பேசுவதற்கு இது போன்ற படைப்புகள் நல்ல தொடக்கம் ஆகும்.

பணத்திற்கு ஒரு பாதுகாப்பு

விளையாட்டு வேறு, பணம் வைத்து ஆடுவது வேறு. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும், அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும், வங்கிகள் அவற்றுக்கான பணப் பரிமாற்றத்திற்குத் துணைபோவதையும் தடை செய்கிறது. திறமையை அடிப்படையாகக் கொண்ட மின்விளையாட்டுப் போட்டிகளுக்கு அச்சட்டம் ஏற்பளிக்கிறது. ஆகவே 'இன்று நூறு கட்டினால் நாளை ஆயிரம்' என்று எவரேனும் செயலி ஒன்றை அனுப்பினால் அதைத் திறக்காமல் விடுவதே அறிவுடைமை.

விளையாட்டுக் கருவிகளையும் உதிரிப் பாகங்களையும் வாங்குவோர்க்குச் சில குறிப்புகள்:

பழைய கருவியை இணையத்தில் வாங்கும்போது, பொருளை நேரில் கண்டு இயக்கிப் பார்த்த பின்னரே பணம் செலுத்துங்கள். விற்பவருக்கு ஒரு செய்தி: பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ரகசிய எண்ணை இட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியேறுகிறது என்றே பொருள்.

வெளிநாட்டுத் தளங்களில் வாங்க, அட்டையின் பன்னாட்டுப் பயன்பாட்டைத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். வங்கிச் செயலியிலேயே இவ்வசதி உண்டு. சுங்க வரியையும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையான விலை தெரியும்.

பிள்ளைகள் விளையாடும் கைப்பேசியில் முதன்மைச் சேமிப்புக் கணக்கின் அட்டையைப் பதிந்து வைக்க வேண்டாம். குறைந்த தொகை உள்ள தனிக் கணக்கை ஒதுக்குவது நன்று. மாதந்தோறும் தானாகப் பிடித்தம் செய்யும் சந்தாக்களுக்கு, பிடித்தத்திற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரும். அதைப் படித்துப் பார்த்து, வேண்டாதவற்றை நீக்கிவிடுங்கள்.

மோசடி நிகழ்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் அளியுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, வாடிக்கையாளரிடமோ வங்கியிடமோ தவறு இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த குறைபாட்டால் இழப்பு ஏற்பட்டால், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு அதில் பொறுப்பில்லை. தாமதம் கூடக்கூட இழப்பின் சுமையும் கூடும்.

முதலில் நகல்

மீண்டும் அந்த அம்மையாரிடம் வருவோம். அன்று அவர் கிளைக்கு வந்தது மூன்றாம் முறை. கணவர் பெயரில் இருந்த வைப்புத் தொகை ஒன்றில் நியமனதாரர் பதிவு செய்யப்படவில்லை. அப்படி ஒரு வைப்பு இருப்பதே கணவரின் கோப்பைப் புரட்டியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. வாரிசுகளுக்கான ஆவணங்களைத் தமிழகத்திலிருந்து பெற்று வர அவருக்குப் பல மாதங்கள் ஆயின. ஒரு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய செய்தி.

2025 நவம்பர் 1 முதல், வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனதாரர்களாகப் பதிவு செய்யலாம். வைப்புக் கணக்குகளில் இன்னாருக்கு இவ்வளவு விழுக்காடு என்று பிரித்தும், ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசைப்படுத்தியும் குறிப்பிடலாம். பத்து ஆண்டுகள் எவரும் தொடாமல் விட்ட வைப்புகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. அவற்றைத் தேடிக் கண்டறிய 'உத்கம்' என்னும் இணையதளம் 2023 முதல் இயங்குகிறது. உரியவர் எப்போது கேட்டாலும் அத்தொகை திரும்பக் கிடைக்கும். ஆயினும், தேட வேண்டிய நிலையே குடும்பத்தாருக்கு வராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை அல்லவா?

சாந்தினி சௌக்கின் முதியவர் கூறிய 'முதலில் நகல்' என்ற சொல்லை நாம் நமது மேசையிலேயே எழுதி வைத்திருக்கிறோம். கணக்குகள், வைப்புகள், காப்பீடுகள், பாதுகாப்புப் பெட்டக எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்கேனும் சொல்லி வையுங்கள். ரகசிய எண்களை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

காளி பூஜைக்குப் பின் வைப்புத் தொகை அம்மையாரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. கையொப்பமிட வந்த அன்று மகனும் உடன் வந்திருந்தார். ஊதாப் பெட்டியைத் தாயிடம் நீட்டி, விசையை அழுத்தினார். புதிய திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அம்மையார் அந்தப் பெயரைப் படித்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என் பெயரை அவர் கடைசி வரை இப்படித் தப்பாகத்தான் எழுதினார் சார்" என்று சொல்லிச் சிரித்தார்.

எழுத்துப் பிழையைத் திருத்தலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றார் அம்மையார். பிறகு, நியமனப் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கித் தம் பெயரை மட்டும் பிழையின்றி எழுதி, மகனின் பெயரை நியமனதாரராகப் பதிந்துவிட்டுச் சென்றார்.